வறியவர் வீட்டு சோபா

நீதிபதி அந்த அறிக்கையை வாய்விட்டுப் படித்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்த அம்மையார் அவர். எதையும் மனதுக்குள் படித்துப் பழக்கம் இல்லாதவர். அன்று மின்விசிறி வேறு ஓடவில்லை. கோயம்புத்தூர் நீதிமன்றத்தின் அந்தச் சின்ன அறையில் இருந்த எல்லோருக்கும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

"மனுதாரரின் வீட்டில் மெத்தை வைத்த சோபா ஒன்று உள்ளது. ஃப்ரிட்ஜ் ஒன்று உள்ளது. பெரிய டிவி ஒன்று உள்ளது. கண்ணாடி டீப்பாய், நின்று சுழலும் மின்விசிறி, பூப்போட்ட பீங்கான் கோப்பைகள் ஆகியவை உள்ளன. மனுதாரர் நல்ல வசதியுடன் வாழ்ந்து வருகிறார் எனத் தெரிய வருகிறது."

படித்து முடித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நாங்கள் போட்டிருந்த மனு என்ன தெரியுமா? இந்த அம்மாவிடம் நீதிமன்றக் கட்டணம் கட்டக் காசில்லை, இவரை வறியவர் என்று ஏற்றுக்கொண்டு கட்டணம் இல்லாமல் வழக்குப் போட அனுமதியுங்கள் என்பது.

அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து யாரோ என் கவுனை இழுத்தார்கள். திரும்பினால், என் கட்சிக்காரர் தங்கமணி அக்கா. முகமெல்லாம் பூரிப்பு.

"ஏனுங்க வக்கீலம்மா, நெம்ப நல்லா எழுதியிருக்காராட்ட இருக்குதுங்களே!" என்றார்.

எனக்கு ஒரு கெட்ட வியாதி உண்டு. சிரிக்கவே கூடாத இடத்தில்தான் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். பள்ளிக்கூட மௌன அஞ்சலியில் ஆரம்பித்தது, வக்கீல் ஆன பிறகும் விடவில்லை. கவுன் கையை வாயில் அடைத்துக்கொண்டு இருமுவதுபோல் நடித்தேன். வழக்குத் தோற்கப்போகிறது என்கிற பயத்திலும் சிரிப்பு நிற்கவில்லை.

கவுனைப் பிடித்த பழக்கம்

'காசில்லாதவர்கள் கோர்ட் படி ஏற முடியுமா மேடம்?' என்று இந்தத் தொடரைப் படித்துவிட்டுத் திருப்பூர் வாசகி ஒருவர் கேட்டிருந்தார். ஏறலாம். அவருக்காகத்தான் இந்த வாரம் சோபாவை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

தங்கமணி அக்கா என் கட்சிக்காரர் ஆவதற்கு முன்பே எனக்குத் தையற்காரர். காந்திபுரத்தில் டவுன் பஸ்கள் உறுமிக்கொண்டு திரும்பும் ஒரு தெருவில், துணிக்கடை மாடிப்படிக்குக் கீழே மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பார். சுடிதாருக்குக் கை வைப்பது, பேன்ட் நீளம் குறைப்பது, இதுதான் வேலை. நான் சீனியரை விட்டுத் தனியாகத் தொழில் தொடங்கிய புதிது. புதுக் கவுன் தரையைப் பெருக்கிக்கொண்டு வந்தது. அதைக் குறைத்துத் தைக்கப் போனேன்.

வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, கவுனின் ஓரத்தைப் பிடித்தபடியே கேட்டார்.

"ஏனுங்க அம்மணி, கோர்ட்டுல கேசு போடறதுக்கும் காசு கட்டோணுமுங்களா?"

"கட்டணும்க்கா. என்ன கேஸ்?"

குண்டூசிகளை ஒவ்வொன்றாகக் கவுனில் குத்திக்கொண்டே சொன்னார். பெரியநாயக்கன்பாளையம் தாண்டி, மேட்டுப்பாளையம் ரோட்டை ஒட்டி அவருடைய அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அப்பா உயில் எழுதாமல் போய்விட்டார். இருப்பது ஒரு அண்ணனும் இவரும்தான். பங்கு கேட்டதற்கு அண்ணன், 'உனக்குத்தான் சீர் செஞ்சாச்சே' என்று சொல்லிவிட்டு நிலத்தை மனை மனையாகப் பிரித்து விற்க ஆரம்பித்திருந்தார். அக்காவின் கணவர் இறந்து வருடங்கள் ஆகியிருந்தன. பிள்ளைகள் இல்லை. ஒரு லைன் வீட்டில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார்.

"அண்ணன் விக்கறதுக்குள்ள என்ற பங்கைப் பிரிச்சு வாங்கோணுமுங்க. பெரிய பங்களா வேண்டாமுங்க. எனக்குன்னு ஒரு ஊடு. சாகறதுக்குள்ள என்ற பேர்ல ஒரு கரண்ட் கார்டு இருந்தாப் போதுமுங்க."

லைன் வீடுகளில் குடியிருந்தவர்களுக்கு இந்த ஆசை புரியும். அங்கே மீட்டர் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். யூனிட்டுக்கு அவர் சொல்வதுதான் விலை. இரவு பத்து மணிக்கு மேல் மெஷின் ஓடினால் ஜன்னலைத் தட்டுவார்.

இனிமேல்தான் வேடிக்கை. பாகப்பிரிவினை வழக்கில், சொத்து நம் அனுபவத்தில் இல்லையென்றால், நம் பங்கின் சந்தை மதிப்புக்குத் தக்கபடி கட்டணம் கட்ட வேண்டும். ரோட்டை அகலப்படுத்தியதும் அங்கே நிலத்தின் விலை எகிறிவிட்டது. அண்ணன் ஒவ்வொரு மனையையும் கூடுதல் விலைக்கு விற்க விற்க, தங்கை கட்ட வேண்டிய கட்டணம் ஏறிக்கொண்டே போனது. தொகையைச் சொன்னேன். அக்கா கையில் இருந்த குண்டூசி என் காலில் குத்திவிட்டது.

பாப்பர் மனு

இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்காகச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் அதற்குப் 'பாப்பர்' மனு, அதாவது பஞ்சைப் பராரி மனு என்று பெயர். அப்புறம் சட்டமே வெட்கப்பட்டு 'வறியவர்' என்று மாற்றிக்கொண்டது. வக்கீல்கள் மட்டும் வெட்கப்படாமல் இன்றைக்கும் பாப்பர் என்றே சொல்கிறோம்.

நம்மிடம் இருப்பதையெல்லாம் மனுவில் எழுதிக் கொடுக்க வேண்டும். எந்தச் சொத்துக்காக வழக்கோ அதைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். தொழில் செய்யும் கருவியையும் சேர்க்க மாட்டார்கள். ஆக அக்காவின் தையல் மெஷின் தப்பித்தது. மிச்சம் ஒரு பாய், கேஸ் அடுப்பு, கொஞ்சம் பாத்திரம். எதிர்த்தரப்புக்கும் அரசுக்கும் தகவல் போகும். வருவாய்த் துறை வீட்டுக்கு வந்து விசாரித்து அறிக்கை கொடுக்கும். இதெல்லாம் முடிந்து மனு ஏற்கப்பட்டால்தான் வழக்குக்கே நம்பர் விழும். அதுவும் முழுக்க இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். ஜெயித்தால் அரசாங்கம் தன் கட்டணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும். கடைக்காரர் 'அப்புறமாக் குடுங்க' என்று சொல்வதுபோலத்தான்.

மனுவைக் கட்சிக்காரரே நேரில் வந்து கொடுக்க வேண்டும். என் பழைய சீனியர் போனில் ஒரு யோசனை சொன்னார். "நல்லா நைஞ்ச புடவையா கட்டிட்டு வரச் சொல்லும்மா. ஜட்ஜ் பார்த்ததும் மனசு இறங்கணும்."

அக்காவிடம் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கிழிஞ்சதைக் கட்டிக்கிட்டு நாலு பேர் முன்னால வந்து நின்னா, நாளைக்கு எவளாச்சும் என்றகிட்டத் துணி தைக்கக் குடுப்பாளுங்களா?"

மொடமொடவென்று கஞ்சி போட்டு இஸ்திரி செய்த புடவையில், தலை நிறைய கனகாம்பரத்தோடு வந்து மனுவைக் கொடுத்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

லைன் வீட்டு ஏற்பாடு

அறிக்கை படித்த அன்று மாலை நேராக அந்த லைன் வீட்டுக்குப் போனேன். நடுவில் ஒரு குழாய். இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டிச் சின்ன வீடுகள். தங்கமணி அக்காவின் அறையை எட்டிப் பார்த்தால் பாயும் மெஷினும் மட்டும்தான் இருந்தன.

"சோபா எங்கேக்கா?"

"அது மரகதத்து ஊட்டுதுங்களே."

மரகதம் முதல் வீட்டுக்காரர். வாட்டசாட்டமான பெண்மணி. கல்யாண மண்டபத்தில் பந்தி மேற்பார்வை பார்ப்பவர். அவர்தான் விளக்கினார். அந்த லைனில் ஒவ்வொரு வீட்டிலும் உருப்படியான பொருள் ஏதாவது ஒன்று இருக்கும். ஒருவர் வீட்டில் சோபா, இன்னொருவர் வீட்டில் ஃப்ரிட்ஜ், வேறொருவர் வீட்டில் டிவி. யார் வீட்டுக்காவது பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் எல்லாப் பொருளும் அந்த வீட்டுக்கு நகர்ந்துவிடும். வந்தவர்கள் கிளம்பியதும் அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிடும். 'ஒறம்பரை சாமான்' என்று அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள். ஒறம்பரை என்றால் எங்கள் பக்கத்தில் விருந்தாளி, சொந்தக்காரர், வேண்டியவர், எல்லாம்தான். ஃப்ரிட்ஜுக்குச் சக்கரம் வைத்த ஸ்டாண்டு வாங்கியதே இந்த நகர்த்தலுக்காகத்தானாம்.

"வந்தவரு பொண்ணு பார்க்க வரலைங்க! இவங்ககிட்ட ஒண்ணும் இல்லைன்னு பார்த்து எழுத வந்தாருங்க!" என்று கத்தினேன்.

"தெரியுமுங்க வக்கீலம்மா. தெரியாமச் செய்வமுங்களா?" என்றார் மரகதம் நிதானமாக. "ஆனாலும் ஊட்டுக்கு வந்த மனுசனை வெறுந்தரையில எப்படீங்க உக்கார வெக்கறது? அதுவும் கவருமெண்டு ஆளு. நாம மருவாதி குடுத்தாத்தானுங்க அவரு நமக்கு மருவாதி குடுத்து நல்லபடியா எழுதுவாரு?"

"நல்லபடியாத்தானே எழுதியிருக்காரு!"

"அதைத்தானுங்க நானும் சொல்றேன்."

கேசரி, வாழைக்காய் பஜ்ஜி எல்லாம் கொடுத்திருக்கிறார்கள். அப்புறம் மதியம் ஆகிவிட்டதென்று அரிசிம்பருப்புச் சோறும் போட்டிருக்கிறார்கள். மேலே நெய். எனக்கும் ஒரு தட்டு வந்தது. கோபத்தோடுதான் சாப்பிட்டேன். ஆனால் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டேன்.

டீயா, தண்ணியா?

அடுத்த வாய்தாவில், சாமான் எல்லாம் இரவல் என்று எழுந்து சொன்னேன். அண்ணனுடைய வக்கீல் சந்தோஷமாக எழுந்தார்.

"சோபா இரவல், ஃப்ரிட்ஜ் இரவல், டிவி இரவல். நல்லவேளை, மனுதாரரும் இரவல் என்று சொல்லவில்லை."

நீதிமன்றம் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் கடைசி பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

நீதிபதி பேனாவை மூடினார். முதல் அறிக்கை எழுதிய அதே வருவாய் ஆய்வாளர், அதாவது ஆர்.ஐ., முன்கூட்டிச் சொல்லாமல் இன்னொரு முறை போய்ப் பார்த்து அறிக்கை தரட்டும் என்றார்.

அன்றே லைன் வீட்டுக்குப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன். "தயவுசெஞ்சு எதையும் நகர்த்தாதீங்க. ஆர்.ஐ. எப்ப வேணாலும் வருவாரு. தண்ணி மட்டும் குடுங்க."

"வெறுந்தண்ணியா?" மரகதம் நெஞ்சில் கை வைத்தார்.

"சரி, டீ."

"வெறும் டீயா குடிப்பாரு? கூட ஒரு முறுக்கு..."

பேரம் பேசி, டீயோ தண்ணீரோ ஏதாவது ஒன்று, கூடவே பிஸ்கட் என்று முடிந்தது. அரசாங்கத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்தால்கூட இவ்வளவு நேரம் ஆகியிருக்காது.

சில வாரங்களில் இரண்டாவது அறிக்கை வந்தது. ஒரே வரி. 'மறு விசாரணையில் மனுதாரர் வறியவர் எனத் தெரிய வருகிறது.' ஏன், எப்படி, ஒன்றும் இல்லை. அண்ணனுடைய வக்கீல் விடுவாரா? வசதியாக இருந்தவர் ஒரு மாதத்தில் எப்படி வறியவர் ஆனார், அறிக்கை எழுதியவரைக் கூண்டில் ஏற்றிக் கேட்க வேண்டும் என்று மனு போட்டார். நீதிபதியும் சரி என்றுவிட்டார்.

தங்கமணி அக்காவிடம், "ரெண்டாவது தடவை என்னக்கா நடந்துச்சு?" என்று துருவித் துருவிக் கேட்டேன். புடவை முந்தானையைத் திருகிக்கொண்டு, "வந்தாருங்க, போனாருங்க," என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. மரகதத்தைக் கேட்டால் அவசரமாகக் குழாயடிக்குப் போனார்.

கூண்டில் ஆர்.ஐ.

ஆர்.ஐ. ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்த, சற்றே தொந்தி போட்ட மனிதர். நெற்றியில் விபூதி. கூண்டில் ஏறியதும் எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டார்.

"முதல் தடவை நீங்கள் போனபோது சோபா இருந்ததா?" என்று ஆரம்பித்தார் அண்ணனுடைய வக்கீல்.

"இருந்ததுங்க."

"இரண்டாவது தடவை?"

"அப்பவும் இருந்ததுங்க."

வக்கீல் என் பக்கம் திரும்பிப் புன்னகைத்தார்.

"ஃப்ரிட்ஜ்? டிவி? பூப்போட்ட கோப்பை?"

"எல்லாமே இருந்ததுங்க."

"எல்லாம் இருந்தும் இவர் வறியவர் என்று எழுதியிருக்கிறீர்கள்!"

"ஆமாங்க. அதெல்லாம் இருந்தது அந்தம்மா ஊட்டுல இல்லீங்களே. வேற ஊட்டுலைங்க."

அறையில் ஒரு சலசலப்பு. நீதிபதி நிமிர்ந்தார். "வேறு வீட்டுக்கு நீங்கள் எதற்குப் போனீர்கள்?"

"நானாப் போகலீங்கம்மா." ஆர்.ஐ. கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "லைனுக்குள்ள காலை வெச்சேனுங்க. ஒரு பெரியவரு ஓடி வந்து கையைப் புடிச்சு, 'வாங்க வாங்க, எல்லாரும் வந்துபோட்டாங்க, நீங்கதான் பாக்கி'ன்னு உள்ள கூட்டிப் போயிட்டாருங்க. அங்க பொண்ணு பார்க்க வந்திருந்தாங்க. என்னை மாப்பிள்ளை ஊட்டு ஆளுன்னு நெனைச்சுப்போட்டாருங்க."

"நீங்கள் இல்லையென்று சொல்ல வேண்டியதுதானே?"

"வாயைத் தொறக்கறதுக்குள்ள கேசரி வந்துருச்சுங்கம்மா."

வக்கீல்கள் பெஞ்சில் ஒருவர் வெடித்துச் சிரித்துவிட்டார். நான் மறுபடியும் கவுன் கையைத் தேடினேன்.

"அது அதே சோபாதான் என்று எப்படித் தெரியும்? கோயம்புத்தூரில் சோபாவுக்கா பஞ்சம்?" வக்கீல் விடவில்லை.

"மொதத் தடவை போனப்ப அதுல டீயைச் சிந்திப்போட்டேனுங்க. கைப்புடியில, இந்தா, இப்படி மாம்பிஞ்சாட்ட ஒரு கறை. அந்தம்மா ஊட்டுல நாம சிந்துன கறையாச்சேன்னு எனக்கு வெசனமாக்கூட இருந்ததுங்க. இப்ப இந்த ஊட்டுல உக்காந்து கையை வெக்கறேன், அதே கறைங்க. நிமிர்ந்து பார்த்தா அதே ஃப்ரிட்ஜு. அதே டிவி. அப்பத்தானுங்க இந்தம்மா பஜ்ஜித் தட்டோட அடுப்படியில இருந்து வந்தாங்க."

எல்லோரும் தங்கமணி அக்காவைப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னைப் பார்த்ததும் அவங்களுக்கு முகமே செத்துப்போச்சுங்க. நான் ஒண்ணும் காட்டிக்கலை. சட்னி மட்டும் கேட்டேனுங்க. மாப்பிள்ளையோட மாமா என்றகிட்ட, 'நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?'னு கேட்டாரு. 'தூரத்து ஒறம்பரைங்க'ன்னு சொல்லிப்போட்டேன். பொண்ணு ஊட்டுக்காரங்க நான் மாப்பிள்ளைப் பக்கம்னு நெனைச்சாங்க. கடைசி வரைக்கும் ரெண்டு பக்கமும் நல்லா கவனிச்சாங்கம்மா."

நீதிபதி வழக்குக் கோப்பை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். கோப்பு மட்டும் குலுங்கியது.

அண்ணனுடைய வக்கீல் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். கெட்டிக்காரர். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"எந்த வீடு? அந்தப் பெண்ணின் பெயர் என்ன?"

ஆர்.ஐ. கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

"சொல்லுங்கள். அந்த வீட்டாரைக் கூப்பிட்டு விசாரித்தால் சோபா யாருடையது என்று தெரிந்துவிடும்."

"சொல்ல மாட்டேனுங்க."

"கூண்டில் நின்றால் சொல்லித்தான் ஆக வேண்டும்," என்றார் நீதிபதி.

"அம்மா, அந்தப் புள்ளைக்கு இன்னும் பூ வெக்கலீங்க. பேச்சு நடந்துக்கிட்டு இருக்குது. பேரைச் சொன்னா சாயங்காலத்துக்குள்ள மாப்பிள்ளை ஊடு வரைக்கும் போயிருமுங்க. ஊட்டுச் சாமானெல்லாம் இரவல்னு ஆயிருமுங்க. அதனாலதான் ரிப்போர்ட்டே ஒத்தை வரியில எழுதினேன்."

"அப்படியானால் இது முழுவதும் கட்டுக்கதை. இந்தச் சாட்சியத்தை ஏற்கக் கூடாது," என்று உட்கார்ந்தார் வக்கீல்.

எனக்குத் தெரியும். அந்த லைனில் கல்யாண வயதில் இருந்தது ஒரே ஒரு பெண்தான். பெயர் என் நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொன்னால் போதும், மனு ஜெயித்துவிடும். சொல்லாவிட்டால் மனு போகும், கட்டணம் கட்ட முடியாமல் வழக்கும் போகும், அண்ணன் மிச்ச நிலத்தையும் விற்றுவிடுவார். நான் எழுந்தேன். வாயைத் திறந்தேன்.

பின்னாலிருந்து கவுன் வெடுக்கென்று இழுபட்டது. அக்காவே மடித்துத் தைத்த அதே ஓரம்.

"வேண்டாமுங்க வக்கீலம்மா. மனு போனாப் போகுதுங்க. அந்தப் புள்ள பேரை எடுக்காதீங்க."

ரகசியமாகச் சொல்வதாக நினைத்துச் சொன்னார். அன்றும் மின்விசிறி ஓடாத அறையில் எல்லோருக்கும் கேட்டது.

நீதிபதி அவரை முன்னால் வரச் சொன்னார். "மனு தள்ளுபடியானால் பணம் கட்ட வேண்டும். தெரியுமா அம்மா?"

"தெரியுமுங்க."

"கட்ட முடியுமா?"

"முடியாதுங்க."

"நிலம் போய்விடுமே?"

"போயிருமுங்க." அக்கா தலையை நிமிர்த்தினார். "ஆனா அந்தப் புள்ளையைப் பார்க்க வந்தவங்கெல்லாம் இதுவரைக்கும் ஊட்டைப் பார்த்துப்போட்டுத்தான் வேண்டாம்னு போனாங்க. இப்பத்தான் ஒரு நல்ல எடம் வந்திருக்குதுங்க. என்ற நெலத்துக்காக அதைக் கெடுத்துப்போட்டு, நான் எந்த மொகத்தோட அந்தக் குழாயில தண்ணி புடிக்கறதுங்க?"

ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசி பெஞ்சில் அண்ணன் கட்டிய கையை அவிழ்த்துத் தொடையில் வைத்துக்கொண்டார்.

நீதிபதி ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு ஆர்.ஐ. பக்கம் திரும்பினார்.

"அந்த வீட்டை விடுங்கள். அன்றைக்கு மனுதாரர் அறைக்கும் போனீர்களா?"

"கேசரி சாப்புட்டதும் நேரா அங்கதாங்கம்மா போனேன். பஜ்ஜிக் கரண்டியை வெச்சுட்டு இந்தம்மா ஓடி வந்து கதவைத் தொறந்தாங்க."

"உட்கார என்ன கொடுத்தார்?"

"பாயிங்கம்மா."

"சாப்பிட?"

"தண்ணியும் பிஸ்கட்டும். வக்கீலம்மா அவ்வளவுதான் குடுக்கச் சொன்னாங்கன்னு சொன்னாங்க." நான் பூமிக்குள் போய்விடப் பார்த்தேன். "பிஸ்கட்டைக் கூட நியூஸ் பேப்பர்லதாங்கம்மா வெச்சுக் குடுத்தாங்க."

"ஏன், தட்டு இல்லையா?"

"இருக்கற தட்டெல்லாம் அந்த ஊட்டுல கேசரிக்குப் போயிருந்ததுங்களே."

இந்த முறை நீதிபதி முகத்தை மறைக்கக் கோப்பைத் தேடவில்லை. வாய்விட்டுச் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, தன்னிடமிருந்த தட்டைக்கூடப் பக்கத்து வீட்டு விருந்துக்குக் கொடுத்துவிட்டுக் காகிதத்தில் பிஸ்கட் வைத்தவரிடம் கட்டணம் கட்ட வசதி இருக்கிறது என்று இந்த நீதிமன்றம் நம்பத் தயாரில்லை என்றார். இங்கே விசாரணைக்கு வந்திருப்பது மனுதாரரின் வசதியே தவிர பக்கத்து வீட்டுக்காரருடையது அல்ல, ஆகவே எந்தப் பெயரும் தேவையில்லை என்றார். மனுவை ஏற்றார். வழக்குக்கு நம்பர் கொடுக்க உத்தரவிட்டார்.

வெளியே வந்ததும் கேன்டீனில் ஆளுக்கொரு தேங்காய் பன் வாங்கினேன். மரகதம் எங்கிருந்தோ ஓடி வந்து என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார். ஆர்.ஐ. தூணோரம் நின்றிருந்தார். அவருக்கும் ஒரு பன் நீட்டினேன். "போதுமுங்க. இனிமே கோர்ட்டு விசயத்துல எதையும் சாப்புடறதா இல்லீங்க," என்றார். பிறகு பாதி பிய்த்துக்கொண்டார்.

கரண்ட் கார்டு

நிலத்தை விற்கத் தடை வாங்கினோம். அப்புறம் வழக்கு சமரச மையத்துக்குப் போனது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அண்ணன், தங்கையைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அன்னைக்கு அந்தப் புள்ள பேரைச் சொல்லியிருந்தா உன்ற வேலை சுலபமா முடிஞ்சிருக்குமே அம்மணி, ஏன் சொல்லலை?"

"உங்க தங்கச்சிங்கண்ணா நானு. நம்ம ஊட்டுல அப்படிச் சொல்லிக் குடுக்கலீங்களே."

அண்ணன் என் பேனாவைக் கேட்டு வாங்கினார். பிறகு கையெழுத்துப் போட்டார். ரோட்டை ஒட்டிய துண்டு அக்காவுக்கு வந்தது. அதில் கொஞ்சத்தை விற்று அரசாங்கத்துக் கட்டணத்தை முதலில் கட்டினார். ரசீதை என்னிடம் காட்டியபோது, மனு ஜெயித்த அன்றைக்கு இருந்ததைவிடப் பெருமையாக இருந்தார். மிச்சத்தில் ஒரு சின்ன வீடு கட்டினார்.

அந்தப் பெண்ணுக்குப் பூவும் வைத்தார்கள், கல்யாணமும் நடந்தது. பெயரை இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

புது வீட்டுக்குப் போக எனக்குத் தோதுப்படவே இல்லை. கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். அக்கா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். முதல் வேலையாகக் கரண்ட் கார்டைக் காட்டினார். 'தங்கமணி' என்று அச்சடித்திருந்த இடத்தை விரலால் தடவிக் காட்டினார். சாமி படத்துக்குப் பக்கத்தில் அதை மாட்டி வைத்திருந்தார்.

உட்காரலாம் என்று பார்த்தால் வீட்டில் ஒரு நாற்காலி இல்லை. வெறும் கூடம். மூலையில் தையல் மெஷின் மட்டும்.

"புதுசா சோபா வாங்கியிருக்கறதா மரகதம் சொன்னாங்களேக்கா?"

"வாங்குனனுங்க. ஃப்ரிட்ஜும் வாங்குனனுங்க." வெட்கத்தோடு சிரித்தார். "காலைலதான் டெம்போ வெச்சு ஏத்தி உட்டேன். ஆர்.ஐ. சார் மகளைப் பார்க்க இன்னைக்கு மாப்பிள்ளை ஊட்டுல இருந்து வாராங்க. அவரு ஊட்டு சோபா பழசாப் போயி ஸ்பிரிங்கு வெளிய வந்துருச்சுங்களாம். மரகதம் விடியக்காலமே அங்க போயாச்சு. நானும் கேசரியை எறக்கி வெச்சுட்டுக் கெளம்பிக்கிட்டு இருந்தேன்."

பாயை விரித்தார். பிஸ்கட்டைக் காகிதத்தில் வைத்துக் கொடுத்தார். நான் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. இன்றைக்கு யாராவது இந்த வீட்டை விசாரிக்க வந்தால், இந்த அம்மாள் பரம ஏழை என்று எழுதிவிட்டுப் போவார்கள்.

"வாங்க, நீங்களும் ஒரு கை புடிங்க," என்று கேசரி வாளியின் ஒரு காதை என்னிடம் நீட்டினார். ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் போனோம்.

ஆர்.ஐ. வீட்டு வாசலில் பட்டுப் புடவை கட்டிய ஒரு அம்மாள் நின்றிருந்தார். மாப்பிள்ளையின் அத்தையாக இருக்க வேண்டும். கையில் வாளியோடு இறங்கிய என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க பொண்ணுக்கு என்ன வேணுமுங்க?" என்று கேட்டார்.

உள்ளே, சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஆர்.ஐ. பயந்துபோய் என்னைப் பார்த்தார்.

"தூரத்து ஒறம்பரைங்க," என்றேன்.